எதிர்ப்பக்கம் சுற்றிய சக்கரம்

வீட்டில் அவளுக்கு நொட்டாங்கை என்றே பெயர். எதை எடுத்தாலும் இடது கைதான் முன்னால் வரும். சின்ன வயதில் அம்மா திட்டிப் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். அந்தக் கை கேட்டால்தானே!

அவளும் அக்காவும் சேர்ந்து ஒரு மண்பாண்டப் பட்டறை வைத்திருந்தார்கள். சக்கரத்தில் உட்கார்ந்து கோப்பையும் கிண்ணமும் வனைவது அக்கா. கைப்பிடி ஒட்டுவதும் பூ வரைவதும் இவள். இவள் வரைந்த கொடியைப் பார்த்து வாங்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் இவள் மனசெல்லாம் அந்தச் சக்கரத்தின் மேல்தான். அக்கா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உட்காருவாள். மண் உருண்டை நடுவில் நிற்கவே நிற்காது. தலையை ஆட்டி ஆட்டிக் கடைசியில் இவள் மடியில் வந்து விழும்.

"உனக்கு இது கைவராதுடி. மண்ணை வீணாக்காத," என்பாள் அக்கா.

அக்கா கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். வருஷக்கணக்காக இதையே கேட்டால் யாருக்கும் அது உண்மையாகத்தான் தோன்றும். தன் தலையில் சக்கரம் எழுதவில்லை என்று இவளும் முடிவு கட்டிவிட்டாள். ஆசை மட்டும் அடங்கவில்லை.

ஒருநாள் சக்கரத்தின் மோட்டார் புகைந்து நின்றுபோனது. தெருக்கோடி மெக்கானிக் அதைக் கழற்றிக்கொண்டு போய், உள்ளே கருகிப்போன கம்பிச்சுருளைப் புதிதாகக் கட்டி, திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அக்கா மண்ணை வைத்துச் சுவிட்சைப் போட்டாள். சக்கரம் சுற்றத்தான் செய்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக! மண் துள்ளிக் கோணி அக்காவின் முகத்திலேயே சேற்றை அடித்தது.

"பாவி மனுஷன், ஒயரை மாத்திக் குடுத்துட்டான்! இரு, கையோட இழுத்துட்டு வர்றேன்," என்று முகத்தைக்கூடத் துடைக்காமல் கிளம்பினாள்.

இவள் சுவிட்சை அணைக்கத்தான் போனாள். சத்தியமாக அதற்குத்தான் போனாள். போனவள் உட்கார்ந்துவிட்டாள். இடது கையை வெளிப்பக்கம் வைத்து அழுத்தினாள். உருண்டை ரெண்டு ஆட்டம் ஆடியது, பிறகு அசையாமல் நின்றது. நின்றேவிட்டது! கட்டைவிரலை நடுவில் இறக்கினாள், குழிந்தது. விளிம்பைத் தூக்கினாள், எழுந்து வந்தது. ஒரு கிண்ணம்!

அதற்குள் வாசலில் அக்காவின் குரல். பின்னாலேயே மெக்கானிக்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, ரெண்டு ஒயரு இடம் மாறிடுச்சு. இதோ சரி பண்ணிடறேன்," என்று அவர் திருப்புளியோடு குனிந்தார்.

அந்த ஒயர் மாறினால் இவள் கை மறுபடி பழைய கைதான். வேண்டாம் என்று சொல்லலாமா? இருப்பது ஒரே சக்கரம், பட்டறைக்குச் சோறு போடுவது அக்காவின் கை. சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து வழிவிட்டாள்.

"இருய்யா," என்றாள் அக்கா. அவள் கண் கிண்ணத்தின் மேல் இருந்தது. உள்ளே விரல் விட்டுப்போன சுழி, தன் கிண்ணங்களுக்கு நேர் எதிர்ப்பக்கமாக ஓடுவதைப் பார்த்தாள். "யாருடி வனைஞ்சது?"

"நான்தான்க்கா."

அக்கா இவள் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உன் கையில ஒரு கோளாறும் இல்லடி. சக்கரம்தான் இடது கைக்கு ஏத்த பக்கம் சுத்தல. அது தெரியாம நான் உன்னையே வைஞ்சுட்டு இருந்திருக்கேன்," என்றபோது அவள் குரல் உடைந்தது. பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "ஏய்யா, ரெண்டு பக்கமும் சுத்துற மாதிரி ஒரு சுவிட்சு வைக்க முடியுமா?"

"தாராளமா வைக்கலாம்மா."

இவள் சேற்றுக் கையோடு அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஏய், புடவைடி!" என்று அக்கா கத்தினாளே தவிர விலகவில்லை.

இப்போது காலையில் அக்கா, மதியத்துக்கு மேல் இவள். எல்லாம் தான் வேண்டுமென்றே செய்தது என்று மெக்கானிக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். கிண்ணம் வாங்க வருகிறவர்கள் இது யார் செய்தது என்று கேட்டால் அக்கா அவர்கள் விரலைப் பிடித்து உள்ளே சுழியின் மேல் வைக்கிறாள்.

"இப்படிச் சுத்தினா நான். அப்படிச் சுத்தினா என் தங்கச்சி."