பன்னிரண்டாம் தேதி வரை எல்லாம் சரி

கணினி நிரலில் கூட்டல் தப்பினால் யாராவது அன்றைக்கே பிடித்துவிடுவார்கள். தேதி தப்பினால் அது ஒன்றும் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்திருக்கும். தேதியிடம் மாட்டி முழித்த நண்பர்களே, உங்கள் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன அலுவலகம் ஒன்றில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். முதல் வேலை, கவரைப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஓர் இட்லி மாவு கம்பெனிக்கு. பாக்கெட்டில் தயாரித்த தேதியையும் காலாவதி தேதியையும் அச்சடிக்கும் மிஷின் ஒன்று அங்கே இருந்தது. அதற்குத் தேதியை அனுப்பும் நிரலை நான் எழுத வேண்டும். அங்குள்ள சூப்பர்வைசர் தாஸ் அண்ணன் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இரும்பு ஆலையில் லோடு ஏற்றும் அப்பா, நான் நிரந்தரமாகிவிட்டதாகவே தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

தீபாவளி மாவு

ஜூன் முதல் வாரம். வெறும் கவரில் சோதனை அச்சு. காலாவதி ஜூன் பத்து என்று வர வேண்டும். நான் நாளை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் வைத்து அனுப்பினேன், நாமெல்லாம் எழுதுகிற மாதிரி. மிஷினோ வெளிநாட்டில் செய்தது. மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கிற வழக்கம் அதற்கு. ஜூன் பத்தை அக்டோபர் ஆறு என்று அழகாக அச்சடித்துத் தள்ளியது.

தாஸ் அண்ணன் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் சொன்னார்: "இன்னாமா, நம்ம மாவு அக்டோபர் வரிக்கும் தாங்குமா? அப்ப எனக்கு ரெண்டு பாக்கெட் எடுத்து வெய்யி, தீபாவளிக்கு ஆவும்!"

முறைக்கிற தேதி

அலுவலகத்தில் இதையே நான் பலமுறை சோதித்துப் பார்த்திருந்தேன். ஒருமுறைகூடத் தப்பு தெரியவில்லை. எப்படி என்று எங்கள் டீம் லீடர் விமலா அக்காவிடம் போய் நின்றேன். அவர் என் சோதனைத் தேதிகளைப் பார்த்தார். மூன்றாம் தேதி மூன்றாம் மாதம், ஐந்தாம் தேதி ஐந்தாம் மாதம். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினாலும் அதேதான் வரும்! பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் நாள் பன்னிரண்டைத் தாண்டினால்தான் மிஷினே முரண்டு பிடித்துக் குட்டை உடைக்கும்.

வருடம், மாதம், நாள் என்று ஒரே வரிசையில் அனுப்பவும், மிஷினையும் அதே வரிசையில் படிக்க வைக்கவும் மாற்றிக் கொடுத்தார். மாற்றிவிட்டுச் சொன்னார்: "தீபா, அஞ்சாம் தேதிய வெச்சிக்கினு டெஸ்ட் பண்ணாத. அது எந்தப் பக்கம் திருப்பினாலும் சிரிக்கும். இருபத்தஞ்ச வெச்சுப் பாரு, அதுதான் மொறைக்கும்."

ஓடுகிற மாதம்

அடுத்த சோதனையில், தேதி வடிவத்தை எழுதும் இடத்தில் மாதத்துக்கு ஆங்கிலப் பெரிய எம் போடுவதற்குப் பதில் சின்ன எம் போட்டுவிட்டேன். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், சின்ன எம் என்றால் நிமிடம். கவரில் முப்பத்தேழாம் மாதம் வந்தது. கொஞ்சம் பொறுத்து முப்பத்தெட்டாம் மாதம். இதுவும் வெறும் கவர்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தாஸ் அண்ணன் மிஷினை விட்டு நகரவே இல்லை. "நிறுத்தாதமா, ஓடட்டும். மாசம் இந்த ஸ்பீடுல போச்சுன்னா நான் நாஷ்டா துன்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன்."

நேற்றைய மாவு

கடைசியில் நிஜ மாவு. ஆந்திரா போகும் முதல் லோடு, எளாவூர் செக்போஸ்ட்டில் கூட்டம் சேருமுன் தாண்ட வேண்டும் என்பதற்காக விடியுமுன்பே ஏற்றிவிடுவார்கள். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பயத்தில் நானே போய் நின்றேன். முதல் டிரே நிரம்பியது. ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றைய தேதி.

தேதி எடுத்துத் தரும் நம்முடைய சர்வர் லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். பகலில் சோதித்தபோது இரண்டு ஊரிலும் ஒரே தேதி; விடியுமுன் அங்கே இன்னும் நேற்று. வேறு யாரும் கவனிக்கவில்லை. சொன்னால் கையெழுத்து போய்விடும் என்று தோன்றியது. ஆனால் சொல்லாமல் விட்டால் இன்று அரைத்த மாவு, கடையில் ஒரு நாள் முன்னதாகவே குப்பைக்குப் போகும். "அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். லாரி டிரைவர், "இன்னா பேஜாரு நைனா இது!" என்று ஹாரனை அழுத்தினார். நிரலைத் திறந்து, இந்திய நேரம் என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த பாக்கெட்டில் இன்றைய தேதி. முதல் டிரே கேன்டீனுக்குப் போனது. லாரி எளாவூருக்குப் போனது.

அன்று முழுக்க மிஷின் தப்பே செய்யவில்லை. சாயங்காலம் தாஸ் அண்ணன் ஒப்புதல் தாளை வாங்கினார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பித் தந்தபடி சொன்னார்: "கையெழுத்து போட்டுட்டேன். தேதி மட்டும் நீயே போட்டுக்கமா, எனக்கு இப்ப பயமா கீது."

இப்போது நான் நிரந்தரம்தான், ஆனாலும் யாராவது சாதாரணமாக "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டால், "எந்த ஊர் நேரப்படி?" என்று கேட்ட பிறகே எனக்குப் பதில் வருகிறது.