அண்ணன் அன்று தங்கிய காரணம்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியார் சொல்லிவிட்டார். "உங்களுக்குத்தானுங்க அவரு மாதிரியே வாய்" என்பது அவர் சொன்ன காரணம். மறுப்பதற்கில்லை.

தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத் தோட்டத்தில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், அண்ணன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என்னைப் படிக்கவைத்துப் பவானியில் கட்டிக்கொடுத்தார். கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். அடுத்த தோட்டத்து மோட்டார் நின்றுபோனாலும் தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். அண்ணியார் அதற்குத் திட்டுவார். அதற்கும் சிரித்துக்கொண்டே போவார்.

அண்ணனின் யானைக் கதையைக் கேட்காத உறவினர் யாரும் இருக்க முடியாது. இருந்தாலும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். என் மகளுக்குப் பவானியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணன் வந்தார். தோட்டத்தில் வாழைத்தார்கள் வெட்டுக்குத் தயாராக நின்ற சமயம் அது. யானை இறங்கும் பகுதி என்பதால் இரவில் அவரே காவலுக்குப் போவது வழக்கம். மாலையே திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்தவர், எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அன்று இரவு பார்த்து யானைகள் இறங்கி, வாழையை மொத்தமாக முறித்துப் போட்டுவிட்டுப் போயின.

அந்த நஷ்டத்தில் மனம் விட்டுப்போன அண்ணன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அண்ணியாரோடு சரவணம்பட்டிக்கு வந்து மெஸ் வைத்தார். அண்ணியாரின் அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் ரசத்துக்கும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மெஸ் நன்றாகவே நடந்தது. ஆனால் அண்ணன் அதை ஒரு பிழைப்பாகவே எண்ணவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகளிடம்கூட, "கெடா விருந்துக்கு ஆசப்பட்டுத் தங்கிப்போட்டு, தோட்டத்த யானைக்கு உட்டவனுங்க நானு" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணமோ வளைகாப்போ, எங்கே போனாலும் இதே கதைதான். சொல்லிவிட்டு வந்த நாளெல்லாம் தூக்கம் வராமல் புரளுவார் என்று அண்ணியார் சொல்வார். தொண்டாமுத்தூர் பக்கம் அவர் கால் வைக்கவே இல்லை.

"ஏனுங்கண்ணா, அந்த யானையே மறந்திருக்கும். நீங்க உட மாட்டீங்களா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். சிரிப்பார். அடுத்த விசேஷத்தில் மறுபடியும் தொடங்குவார்.

இதைக் கேட்டே வளர்ந்தவள் என் மகள். தன் காதுகுத்தால்தான் மாமா கெட்டுப்போனார் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அண்ணன் பெரிய குண்டாகத் தூக்கிப் போட்டார். "மாமன் சீரு எல்லாத்தையும் அனுப்பிப்போடறேன். என்னைய மட்டும் மணவறைல நிக்கச் சொல்லாதீங்க. என்ற ராசி அப்படி." நான் அழுது தீர்த்தேன். என் மகள் அழவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராகச் சரவணம்பட்டிக்குப் புறப்பட்டாள்.

மதியக் கூட்டம் ஓய்ந்து அண்ணன் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, காது குத்துனப்ப நான் அழுதனுங்களா?" என்று கேட்டாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அழுதியாவா? ஆசாரி கிட்ட வந்ததும் என்ற கழுத்தக் கட்டுனவ, அப்பறம் உடவே இல்ல கண்ணு. உங்கம்மா பந்தியக் கவனிச்சுட்டு இருந்தா. சாயங்காலம் கெளம்பலாம்னு நான் செருப்பத் தொட்டாப் போதும், ஊரக் கூட்டிப்போடுவே. காது வேற வீங்கிப்போச்சு. அதான் தங்கிப்போட்டேன். உங்கம்மா அலுப்புல அசந்து தூங்கிப்போட்டா, நீ விடியற வரைக்கும் என்ற தோள்லயேதான் கெடந்தே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பறம் ஏனுங்கண்ணா விருந்துக்குத் தங்குனேன்னு சொன்னீங்க?"

"புள்ளைக்காகத் தங்குனேன்னு சொன்னா, புள்ள மேல பழி வருமில்ல?"

என் மகள் அவர் கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாக வைத்தாள். "இத்தன வருசமா யானை வந்த கதையத்தான் சொல்லிட்டிருந்தீங்க மாமா. எனக்கு வேணுங்கறது நீங்க தங்குன கதைங்க. இனிமே அதச் சொல்லுங்க. என்ற பக்கத்துல, மணவறைல நின்னு சொல்லுங்க."

அப்பா இறந்தபோதுகூட அழாத அண்ணன் அன்று அழுதார்.

கல்யாணத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மணவறையில் நின்றார். மண்டபமே கேட்கும்படி கதையையும் சொன்னார். அதே யானை, அதே வாழை. ஆனால் இந்த முறை தோளில் அழுத குழந்தையிலிருந்து ஆரம்பித்தார். பிறகு ஒருநாள் தானாகவே தொண்டாமுத்தூர் போய், குத்தகைக்காரரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தேங்காயோடு திரும்பினார். இருதயத்துக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரைகள் குறையவில்லை, ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது. மெஸ் பிள்ளைகளிடம், "மொதப் பந்தி யானைக்குப் போட்டனுங்க, ரெண்டாம் பந்திதான் உங்களுக்கு" என்று கேலி பேசுகிற அளவுக்கு மாறினார். நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. அதை நமக்கு நாமே எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பது நம் உடம்பையும் மனதையும் எவ்வளவு மாற்றும் என்பதை அண்ணனிடம்தான் கண்டேன். கடைசி வருடங்களை அவர் நிறைவாகவே வாழ்ந்தார். இருதயம் தளர்ந்து படுத்தபோதும் யாரையும் நொந்துகொள்ளவில்லை. என் மகள் கையைப் பிடித்தபடியே அமைதியாகக் கண்மூடினார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த சரவணம்பட்டி அக்கம்பக்கத்தாருக்கும், அடுப்பை அணையவிடாமல் மெஸ்ஸைப் பார்த்துக்கொண்ட பணியாளர்களுக்கும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தோள் கொடுத்த மெஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். காரியத்தன்று தூரத்து உறவினர் ஒருவர், "பாவம், யானையால கெட்டுப்போன மனுசன்" என்று பெருமூச்சு விட்டார். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாத அண்ணியார், தலை நிமிர்ந்து, "இல்லீங்க. புள்ள அழுதுச்சுன்னு தங்குன மனுசனுங்க" என்றார். உறவினர்களே, நண்பர்களே, அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

அன்புத் தங்கை