அடுப்பில் ஏறிய பவளக் கல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவகாசியில் என் மீன் கடையில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தாயில்பட்டி பட்டாசு கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருக்கும் கருப்பசாமி அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார்.

"போர்மேனையும் அவுக வீட்டம்மாவையும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. அந்தம்மாவுக்கு மூச்சு இழுக்குது. வீட்டுக்குள்ள மருந்து வச்சிருந்தாராம்ல."

மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. என்னால் நம்பவே முடியவில்லை. கம்பெனியிலிருந்து வந்தால் பின்வாசலில் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பவர் அவர். அவர் வீட்டு மீன் தொட்டி சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"சிரிக்காத தம்பி. மருந்துக்குரிய மரியாதையைக் குடுத்துட்டா அது நம்மள ஒண்ணும் செய்யாது" என்பார்.

1. தொட்டி வந்த கதை

மன்னார் வளைகுடாவில் கண்ணாடி அடித்தளப் படகில் ஒருமுறை அண்ணனும் நானும் போனோம். பவளப் பாறைகளுக்கு மேலே படகு நின்றதும் அண்ணன் கண்ணாடியில் முகத்தைப் பதித்துப் பார்த்தார்.

"நாம வானத்துல விட்டு ஒரு நிமிசத்துல சாம்பலாக்குற கலரு அம்புட்டும் இங்கன அணையாம கெடக்கே, தம்பி."

ஓரமாகக் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார். படகுக்காரர் அதட்டினார். "கையை எடுங்க அண்ணாச்சி. அது கல்லு இல்ல, உசுரு. ஒரு துண்டு ஒடிச்சாலும் ஜெயிலுதான்."

கடலிலிருந்து எடுக்க முடியாது என்றதும், வீட்டிலேயே ஒரு தொட்டி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சென்னை வியாபாரி ஒருவரிடம், பண்ணையில் வளர்த்தது என்று பில்லோடு வந்த பட்டன் பவளத்தை வாங்கிக் கொடுத்தேன். கல் மேல் பச்சையும் பழுப்புமாகச் சட்டைப் பொத்தான் போல ஒட்டியிருக்கும். அது நன்றாக வளர்ந்தது. கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்து, மற்றக் கற்களையும் மூடிவிட்டது.

2. அடுப்படி

கடையை அடைத்துவிட்டு, உண்மையா என்று பார்க்க நேரே தாயில்பட்டியில் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். தெரு காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் சிலர் திருட்டுத்தனமாக வீட்டில் வெடி சுற்றுவது உண்டு. இங்கேயும் அதுதான் என்று நினைத்து, எந்த நேரமும் வெடிக்கும் எனப் பயந்து எல்லோரும் வெளியேறியிருந்தார்கள். வாசலில் போலீஸ் ஏட்டையா நின்றார்.

"நீ யாரு? அவன் எங்கன மருந்து ஒளிச்சு வச்சிருக்கான்னு தெரியுமா?"

"மீன் தொட்டி சர்வீஸ் பண்றவன்யா. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்கய்யா."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவீக."

ஏற்கெனவே வீடு முழுக்கத் தேடிவிட்டார்கள். கந்தகப் பொடி ஒரு சிட்டிகைகூட இல்லை. ஏட்டையா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. அடுப்பில் பெரிய பானை. அதற்குள் நான் கொடுத்த கல் கிடந்தது. வேகவைத்ததில் பொத்தான்கள் கூழாகிக் கலங்கியிருந்தன. கல்லைச் சுத்தம் செய்திருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். அதற்கும் மூச்சுத்திணறலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

3. டாக்டரம்மாவின் கேள்வி

ஆஸ்பத்திரியில் அண்ணன் மனைவி ராமலட்சுமி மதினிக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் அண்ணன் இருமிக்கொண்டே அழுதார்.

"எந்தக் கெமிக்கல்னு சொல்லுங்க. மறைச்சீங்கன்னா உங்க மனைவியைக் காப்பாத்துறது கஷ்டம்" என்றார் டாக்டரம்மா.

"குலசாமி சத்தியமா மருந்து ஒரு பொட்டு வீட்டுக்கு வந்ததில்லம்மா. வாயெல்லாம் இரும்பை நக்குனாப்ல இருக்கு. என்னன்னே தெரியலை."

சுற்றி நின்ற ஒருவரும் நம்பவில்லை. டாக்டரம்மா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, மருந்தை விடுங்க. காலையிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?"

"குளிச்சேன். தொட்டியில ஒரு கல்லை அந்தப் பொத்தான் பாசியாட்டம் மூடிருச்சு. அது போகட்டும்னு கல்லை எடுத்து வெந்நீர்ல அவிச்சேன். இவ பக்கத்துல நின்னு தோசை சுட்டா."

அது என்ன கல் என்று கேட்டார். நான் சொன்னேன். போனில் தேடியவர் முகம் மாறிவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினார். அதே பச்சைப் பொத்தான். அந்த இனத்தில் சிலவற்றுக்குள் கொடிய விஷம் உண்டு, வேகவைத்தால் ஆவியோடு நெஞ்சுக்குள் போகும், முறிவு மருந்து கிடையாது, நுரையீரலைத் தாங்கிப் பிடித்துக் காத்திருப்பதுதான் வழி என்றார்.

வருஷக்கணக்கில் வெறுங்கையால் அதை வெட்டி ஒட்டியவன் நான். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. அடுப்படியில் நான் விட்டுவந்த ஏட்டையாவுக்குப் போன் போட்டு, உடனே வெளியே வரச் சொன்னேன்.

4. மரியாதை

மதினி பிழைத்துக்கொண்டார். இருவரும் வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். தொட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. மதினி திட்டுவார் என்று தலைகுனிந்து உட்கார்ந்தேன். அவர் காப்பியை நீட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கல்யாணமான நாள்லருந்து மருந்துக்கு நடுவுலதான் பொழைக்கோம், தம்பி. அதுகிட்ட எப்படி இருக்கணும்னு எங்களுக்குத் தெரியும். இதுவும் மருந்துதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, இதுக்கும் அந்த மரியாதையைக் குடுத்திருப்போம்ல."

காப்பி ஆறிப்போனது.

கடை வைக்க வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பவளத்தைப் பூ என்று சொல்லி நான் இப்போது விற்பதில்லை. "இது மருந்து" என்றுதான் பேச்சையே தொடங்குகிறேன். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட வேண்டும், கொதிநீர் கூடாது என்பதெல்லாம் அதற்கப்புறம். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிரிப்பவருக்கு நான் கொடுப்பதில்லை.