ஞாயிறு காலை என்று பேப்பரில் வந்துவிட்டது

கொழும்பு வெள்ளவத்தையில் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். எதிர்வீட்டுச் சிவஞானம், வாசலில் கிடக்கும் தமிழ்ப் பத்திரிகையை எடுத்ததும் முதல் பக்கத்து அமைச்சர்களைத் தள்ளிவிட்டு மரண அறிவித்தல்களுக்குப் போய்விடுவார். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். கோவில்பட்டியில் நானும் நாள் தவறாமல் பத்திரிகை படித்தவன்தான். ஆனால் அங்கே சாவைத் தெருமுனைச் சுவரொட்டி சொல்லிவிடும். இங்கே அது படத்தோடு, ஒரே அச்சில் வார்த்தது போல வருகிறது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், பிள்ளைகள் கனடா, லண்டன், பிரான்ஸ். நான் அவற்றை எண்ணுவேன். “இன்றைக்குப் பதினொன்று” என்பேன்.

“ஐயா, நான் ஆரெண்டு பாக்கிறனான். நீங்கள் எத்தினையெண்டு பாக்கிறீங்கள்” என்று ஒருநாள் சிரித்தார் சிவஞானம். “கணக்கு வாத்தியார் புத்தி விட்டுப்போகாது, என்ன?”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் அவர் சொன்னதில் பிழையில்லை. தெரிந்த பெயர் ஒன்றுகூட வராத பத்திரிகையை வேறெப்படிப் படிப்பது?

சென்னையில் வேலை பார்த்த என் மகள், யாழ்ப்பாணத்துப் பையன் கஜனை மணந்து கொழும்புக்கு வந்தாள். ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவி சரோஜாவும் அவளோடு வந்து சேர்ந்தோம். ஆண்டுதோறும் விசாவுக்கு வரிசையில் நிற்பது, சிங்களத்தில் பஸ்காரர் கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்வது, மீன் விலை கேட்டுத் திடுக்கிடுவது என்று நான்கு ஆண்டுகள் போயின. ஐந்தாம் ஆண்டு சரோஜாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் சொன்னாள்: “என்னை இங்கேயே எரிச்சிருங்க, பரவாயில்ல. ஆனா தம்பி கோடி போடாம அனுப்பிராதீங்க.” எங்கள் பக்கத்தில் மணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து உடல்மேல் போர்த்த வேண்டும். அந்தக் கோடி விழாமல் உடலைத் தூக்க மாட்டார்கள். சரி என்று அவளிடம் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். மாலையே கஜன் பேனாவும் தாளுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மாமா, பிறப்பிடம் எண்டு என்ன போடுறது?”

“கோவில்பட்டி.”

“வதிவிடம் வெள்ளவத்தை” என்று அவனே சொல்லி எழுதிக்கொண்டான். ஐம்பத்தெட்டு வருஷம் அங்கே, நாலு வருஷம் இங்கே என்று நான் மனத்துக்குள் கூட்டிக் கழிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டான். தகனம் எப்போது என்று கேட்டான். மைத்துனன் முருகேசன் டிக்கெட் எடுக்க ஒரு நாள், வந்துசேர ஒரு நாள் என்று கணக்குப் பார்த்து, ஞாயிறு காலை என்றேன். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. அன்று ஒன்பது அறிவித்தல்கள், அவளையும் சேர்த்து.

அன்று மாலை முருகேசன் போன் செய்தான். “அத்தான், டிக்கெட் எடுக்கப் போனேன். பாஸ்போர்ட் போன வருசமே முடிஞ்சுட்டுன்னு சொல்லுதான். ஒரு நாலு நாள் வச்சிருங்க. எப்படியாவது வந்துருதேன்.”

கஜனிடம் கேட்டேன். “மாமா, பேப்பரில வந்திட்டுது. யாழ்ப்பாணத்தில எங்கட சனம் பஸ்ஸுக்கு சீட் போட்டிட்டினம். இனி மாத்தேலாது” என்றான். அவனைக் குறைசொல்ல மாட்டேன். இங்கே பத்திரிகையில் வந்த நேரம் கல்யாண முகூர்த்தம் மாதிரி. நாள் குறித்ததும் நான்தானே.

ஞாயிறு காலை, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் கஜனின் உறவினர்கள் நாற்காலிகளில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்காக வாய்விட்டு அழ என் மகள் ஒருத்திதான். அப்போது என் வயதுக்காரர் ஒருவர், மடித்த பத்திரிகையோடு உள்ளே வந்தார். பெயர் பெரியசாமி. மலையகத்தில் பிறந்தவர், கொட்டாஞ்சேனையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

“கோவில்பட்டின்னு போட்டிருந்துச்சுங்க. எங்க தாத்தா அந்தப் பக்கந்தான். நான் போனதில்ல. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு.” சரோஜாவின் முகத்தைப் பார்த்தார். “கோடி போட்டாச்சுங்களா?”

இல்லையென்று தலையாட்டினேன்.

“கூடப் பொறந்தவங்க?”

“தம்பி. வர முடியல.”

வெளியே போனவர் காலி நகருக்குப் போகும் வீதிக் கடையொன்றிலிருந்து சிவப்புச் சேலையோடு திரும்பி வந்தார். “நான் போடலாங்களா?” என்றார். கஜன் எதுவும் விளங்காமல் என்னைப் பார்த்தான். பெட்டி மூடுகிறவர்கள் ஆணியோடு நின்றார்கள். நான் சரியென்றேன். சரோஜாவை உயிரோடு ஒருநாளும் கண்டிராத மனிதர், பாதத்திலிருந்து கழுத்துவரை சேலையைப் போர்த்தி, “போயிட்டு வா தாயி” என்றார்.

பிற்பகல் மறுபடியும் முருகேசனின் போன். “கோடி யாரு போட்டா?” சொன்னேன்.

“எங்க அக்காவுக்குக் கூடப் பொறந்தவன் இல்லன்னு பேப்பர்ல போட்டுட்டீகளோ அத்தான்?”

முருகேசனின் பாசமிகு சகோதரி என்றுதான் அச்சாகியிருந்தது. அதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பிறகு நான் செய்த அழைப்புகள் எதற்கும் பதில் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கூரியரில் ஒரு பொதி வந்தது. மேலே சரோஜாவின் பெயர். கடலைமிட்டாய் அனுப்பும்போதும் அவன் அக்கா பெயருக்குத்தான் அனுப்புவான். அவள் பெயருக்கு எதிரே நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே அரக்கு நிறச் சேலை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. கடிதம் எதுவும் இல்லை.

“கோயிலுக்குக் குடுத்துரலாமாப்பா?” என்றாள் மகள். சாவுக்கு எடுத்ததை எந்த அம்மனுக்குச் சாத்துவது? யாரைக் கட்டச் சொல்வது? போர்த்த வேண்டியவளின் சாம்பலை வெள்ளவத்தைக் கடலில் கரைத்தாகிவிட்டது. மடிப்புக் கலையாமல் அதை அவளுடைய அலமாரியில் வைத்தேன். அங்கே அவள் கட்டிய சேலைகள் முப்பத்திரண்டு இருக்கின்றன. இதையும் சேர்த்து எண்ணுவதா என்று எனக்குத் தெரியவில்லை.