முந்திரிக்கொட்டை மேல் போட்ட பழி

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தாயிற்று மக்களே!

(ஏமாந்தவர்கள் மன்னிக்கவும்.)

கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது என்று போன மாதம் கண் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். வெளியே மூச்சு விடவில்லை.

எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் கண்ணாடி போடாத ஒரே ஐம்பத்தெட்டு வயது இளைஞன் நான்! சேத்தியாத்தோப்பு பஸ் வளைவில் திரும்பும்போதே போர்டைப் படிப்பவன்! இமேஜ் என்னாவது?

திடீரென்று காய்ச்சல். வாயெல்லாம் புண். நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் திட்டு, அதன்மேல் கொப்புளம்.

கேட்டவர்களிடமெல்லாம், "முத்தாண்டிக்குப்பத்துல முந்திரிக்கொட்டை உடைச்சேன், எண்ணெய் பட்டு வெந்துடுச்சு" என்று அடித்துவிட்டேன்.

அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நம்பினார்கள். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்! மாத்திரையையும் விடாமல் விழுங்கினேன்.

வீட்டம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வரிசையில் எனக்குப் பின்னால் எதிர் குவார்ட்டர்ஸ் செல்வராஜ், காதைத் தீட்டிக்கொண்டு!

டாக்டரம்மா கேட்டார், "புதுசா ஏதாவது மாத்திரை போடறீங்களா சார்?"

"மாத்திரையா, எனக்கா? மைன்ஸ்ல ஊறுன உடம்பு மேடம்! இது முந்திரிக்கொட்டை..."

"கொட்டைய நாக்காலயா உடைச்சீங்க? வாய்க்குள்ள எப்படிப் புண்ணு வந்துச்சு?"



வீட்டம்மா கைப்பையைத் திறந்தாள். "இவரு கொட்டைய தொடவே இல்லீங்க மேடம். டிவி முன்னாடி ஒக்காந்துகினு வறுத்த முந்திரிதான் தின்னாரு. கண்ணு பிரஷருக்கு மாத்திரை போட்டுகினு இருக்காரு. இந்தாங்க அட்டை."

அட்டையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இத உடனே நிறுத்துங்க! சிலருக்கு இந்த மாத்திரை ஒத்துக்காது. தொடர்ந்து போட்டா தோலே உரிஞ்சு வரும். கண்ணு போகும், உயிருக்கே ஆபத்து சார். இப்பவே அட்மிட் ஆகணும்."

அட்மிஷன் சீட்டில் சமர்த்தாகக் கையெழுத்துப் போட்டேன். (கண்ணாடி இல்லாமலேதான்!)

வெளியே வந்ததும் செல்வராஜ் என் பக்கத்தில் வந்து குனிந்தார். கிண்டல்தான் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, எனக்கும் கண்ணுல பிரஷர்தாண்ணே. மூணு வருஷமா சொட்டு மருந்து. நானும் யார்கிட்டயும் சொல்லல."

(அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.)

இப்போது தோல் ஆறுகிறது. கண்ணுக்கு மாத்திரைக்குப் பதில் சொட்டு மருந்து. கண்ணுக்காகப் போட்டாலும் மாத்திரை உடம்பு முழுக்கத்தான் போகிறதாம். டாக்டர் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்!

செய்தி பரவி, பிளாக்கில் இன்னும் இரண்டு பேர் ரகசியமாக ஆஸ்பத்திரிக்கே வந்து கண் பிரஷரை ஒப்புக்கொண்டார்கள்.

கண் பிரஷர் சங்கம் ஆரம்பித்தாயிற்று. தலைவர் நான்தான், போட்டியே இல்லை!

உங்கள் பிளாக்கில் யார் மறைக்கிறார்கள்?