சுசிலாக்காவைக் கேட்கவில்லை

புவனேந்திரன் ஒரு வீட்டுக்குப் போனால், வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அந்த வீட்டுக் கணினி எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணால் தேடிவிடுவார். லண்டனில் கிங்ஸ்பரியிலோ வெம்பிளியிலோ பிறந்தநாளென்றாலும் சாமத்தியவீடென்றாலும், சாப்பாடு முடியுமுன் யாராவது அவரை மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "புவி அண்ணை, ஒருக்கால் பாருங்கோ, கம்ப்யூட்டர் ஊருது" என்று ஒரு கதிரையில் இருத்திவிடுவார்கள். கீழே அவர் மனைவி கலாவதி பெண்களோடு இருந்து, "என்ர மனுசன் என்னைத் திரும்பிப் பாக்கோணுமெண்டால் என்னையும் ஒரு பிளக்கில கொழுவ வேணும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் அதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சதக் காசும் வாங்கமாட்டார். ஒல்லாந்தில் இருந்த காலத்தில் பகலில் கண்ணாடி வீட்டுக்குள் பூக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கினார். மாலையில் நகரசபை நடத்திய வகுப்பில் கணினி படித்தார். பிள்ளைகளின் இங்கிலீசுக்காக லண்டனுக்கு இடம் மாறியபின், பார்சல் பிரிக்கும் நிலையமொன்றில் ஷிப்ட் வேலை. அங்கே அவர் வெறும் இரண்டு கைகள்தான். இந்த வீடுகளில் மட்டும் அவர் ஒரு தலை.

அந்தத் தலைக்குள் 2009ஆம் ஆண்டு முழுவதும் பிரசெல்ஸ் குடியிருந்தது. உலகத்துக் கணினிகளில் பெரும்பாலானவற்றை ஓட்டும் பெரிய கம்பெனி, தன் பிரவுசரையும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறது, வேறொன்றைத் தேடிப் பார்க்கும் எண்ணமே சனத்துக்கு வராமல் போகிறது என்று ஐரோப்பிய ஆணைக்குழு பிடித்துக்கொண்டிருந்தது. இன்னதை எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் திரையில் காட்டித் தெரிவுசெய்யச் சொல்கிறோம் என்று கம்பெனி ஜூலையில் இறங்கி வந்தது. அன்றிலிருந்து புவனேந்திரனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"கலியாணத்துக்கு மண்டபம் எடுக்கிறியள்," என்று விளக்குவார். "மண்டபக்காரன் தன்ர சமையல்காரனைத்தான் பிடிக்கவேணும் எண்டால் விடுவியளோ? வாயைத் திறந்து கேக்கமாட்டியளோ? ஆனால் கம்ப்யூட்டரில மட்டும் ஒருத்தரும் கேக்கிறேல்லை."

கேட்கச் சொன்ன மனிதர், போன வீடுகளில் எல்லாம் ஒரு வேலை செய்தார். திரையில் இருந்த நீல 'ஈ'யை, அதாவது கம்பெனியின் பிரவுசரை, தூக்கி ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் நரிப் படம் போட்ட பிரவுசரை வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. வைத்தியர் ஊசி போட்டபின் சொல்வதுபோல எழும்பும்போது சொன்னார்: "இனிப் பயமில்லை."

சுசிலாக்காவின் கணினிக்கும் ஆகஸ்டில் அப்படித்தான் ஊசி ஏறியது. சுசிலா வெம்பிளியில் தனியாக இருந்தார். மகள் கௌசி வெளியூரில் பல்கலைக்கழகத்தில். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை முடித்து வந்து, தேத்தண்ணீரோடு கணினிக்கு முன் இருப்பார். மே மாதம் போர் முடியும்வரை எல்லாரையும்போல வன்னிச் செய்திகளுக்காக இருந்தார். அதன்பிறகு பார்க்க மிஞ்சியது மரண அறிவித்தல்கள்தான். யாழ்ப்பாணத்துச் சனம் எந்த நாட்டில் செத்தாலும் அந்த இணையப் பக்கத்தில் வரும். காலையில் அதைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, அறிவித்தல் பக்கத்தைத் திறந்தால் இங்கிலீசு எழுத்தும் புள்ளியும் கமாவுமாக் கிடக்கு. ஆற்றை பேரெண்டு வாசிக்க ஏலாமல் கிடக்கு."

"அது உங்கட பெட்டியின்ர பிழையில்லை அக்கா. அந்த ஆக்கள் பழைய எழுத்தில, நீல ஈக்கு மட்டுமெண்டு செய்து வைச்சிருக்கினம். நாங்கள் விட்டுக்குடுக்காமல் நிண்டால் அவையள் தாங்களாத் திருத்துவினம்."

"அதுமட்டும் நான் என்ன செய்யிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ. பிரசெல்ஸில முடிவு வரப்போகுது."

"பிரசெல்ஸில ஆர் தம்பி செத்தது?"

புவனேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார். அதைப் பிறகு போன இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவும் வைத்தார். அந்தப் பழைய எழுத்துருவை இறக்கி அக்காவின் கணினியில் போட்டுவிட்டால் நரியிலும் தமிழ் தெரியும், ஒரு தேத்தண்ணீர் ஆறுமுன் முடிகிற வேலை என்பது அவருக்குத் தெரியும். கொள்கைக்காகச் செய்யாமல் விட்டார். சுசிலா அதற்குப்பிறகு கேட்கவுமில்லை, அந்தப் பக்கத்தைத் திறக்கவுமில்லை.

அக்டோபரில் சவுத்தாலில் கனகவல்லி செத்துப்போனார். சுசிலாவின் சொந்த மச்சாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். நாலு வருடத்துக்கு முன் கனகவல்லி மகளின் கலியாண அழைப்புக் காட்டை நேரில் கொண்டுவந்து தராமல் தபாலில் போட்டதால், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது. நல்லதுக்குச் சொன்னால்தான் போகவேணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகவேணும் என்பது வழக்கம். இணையத்தில் அறிவித்தல் வந்தால் எல்லாருக்கும் சொன்னதாகத்தான் கணக்கு. அதனால் சுசிலாவைத் தனியாக அழைத்துச் சொல்ல யாரும் மினக்கெடவில்லை. அந்தச் சண்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளவும் யாருக்கும் விருப்பமில்லை.

செத்தவீட்டுக்குப் புவனேந்திரன் போனார். தகனசாலை வாசலில், கறுப்பு ஜாக்கெட் போட்டவர்கள் மத்தியில் அவரும் நின்றார்.

"சுசிலா வரேல்லை, பாத்தனீரோ," என்றார் பக்கத்தில் நின்ற கிறிஸ்துராஜா. "ஒரு கலியாணக் காட்டுக்காக, செத்தபிறகுமோ?"

புவனேந்திரன் நாக்கைத் தட்டினார். "சில பேரின்ர மனம் அப்பிடித்தான் அண்ணை."

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் சுசிலா பஸ் பிடித்து அவர் வீட்டுக்கு வந்தார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. கடையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"கடையில ஒருத்தி கேட்டாள், உமக்கென்ன கல்லு மனமோ எண்டு," என்று குசினிக் கதிரையில் இருந்தபடி சொன்னார். "என்னடி எண்டு கேட்டனான். அப்பதான் தெரியும், கனகு எரிஞ்சு முடிஞ்சுதெண்டு."

கலாவதி கேத்தலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அறிவித்தல் வந்ததே அக்கா. இவர்தானே எனக்கு வாசிச்சுக் காட்டினவர்."

"எதில?"

"எங்கட பெட்டியில. அந்த நீல ஈயில."

புவனேந்திரனுக்குக் காது இரண்டும் சுட்டன.

"அது, சோதிச்சுப் பாக்கிறதுக்கெண்டு ஒரு பக்கத்தில வைச்சிருந்தனான் அக்கா."

சுசிலா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருக்கலாம். "எனக்கும் ஒண்டைச் சோதிச்சுப் பாக்க விட்டிருக்கலாமே தம்பி," என்றார்.

தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பினார். வாசலில் செருப்பைப் போடும்போது கலாவதியிடம் சொன்னார்: "முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்குப் போகவேணும். எந்த முகத்தோட போறது, சொல்லும். செத்தவீட்டுக்கு வராதவள் சோத்துக்கு வந்தாள் எண்டுவினம். போகாட்டில், சொன்னதெல்லாம் சரியெண்டு போகும்."

கதவு சாத்தியபின் கலாவதி முருங்கைக்காய்ப் பை மேசையிலேயே கிடப்பதைக் கண்டாள். அதை எடுத்து உள்ளே வைத்தாள். அன்றைக்கு அவள் பகிடியாக எதையாவது சொல்லியிருந்தால் புவனேந்திரனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். தகனசாலையில் தான் நாக்கைத் தட்டிய சத்தம்தான் அவர் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

வேலையில்லாத அடுத்த நாளே மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு சவுத்தாலுக்குப் போனார். கனகவல்லியின் புருஷன் யோகராஜா கதவைத் திறந்தார். தாடி வளர்ந்திருந்தது. சொல்லவந்ததைப் புவனேந்திரன் நின்றபடியே சொன்னார். பஸ்ஸில் வரும்போது மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபோது சரியாக வந்த கதை, இங்கே வாயைத் திறந்ததும் அவருக்கே சாக்குப்போலக் கேட்டது.

"சுசிலா அனுப்பினவவோ உம்மை?"

"இல்லை அண்ணை. நான் வந்தது அவவுக்குத் தெரியாது."

"கம்ப்யூட்டரால வரேல்லை எண்டுறீர்." யோகராஜா சோபாவில் சாய்ந்தார். "செத்தவீட்டில நீரும் அவவைப் பற்றி என்னவோ சொன்னனீராம்."

"ஓம் அண்ணை. சொன்னனான்."

புவனேந்திரன் மடிக்கணினியை எடுத்து, தேத்தண்ணீர் மேசையில் வைத்து, சுசிலா வீட்டில் போட்டுவிட்ட அதே நரிப் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். முகப்பில் வரிவரியாக ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அடைப்புகள். எந்த வரி யாருடைய பெயர் என்று தெரிய வழியில்லை. தான் முன்பே எண்ணி வைத்திருந்த வரியை அழுத்தினார். கனகவல்லியின் படம் வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டு, சிரிக்கலாமோ என்று யோசிக்கிற முகம். அதன் கீழே யாரோ விசைப்பலகையில் கையூன்றி எழும்பியதுபோல எழுத்துகள் இறைந்து கிடந்தன.

யோகராஜா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். கிட்டக் குனிந்தார்.

"என்ர மனுசியின்ர பேரோ இது?"

"ஓம் அண்ணை."

"இதைப் பாத்தால் நானே செத்தவீட்டுக்குப் போயிருக்கமாட்டன்."

சிரிப்பதா என்று புவனேந்திரனுக்குத் தெரியவில்லை. சிரிக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் யோகராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகும் துடைத்தார்.

"சுசிலாவின்ர நம்பர் என்னட்டை இல்லை. அடிச்சுத் தாரும்."

அடித்துக் கொடுத்தார். யோகராஜா தொலைபேசியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். புவனேந்திரன் மடிக்கணினியை மூடாமல் காத்திருந்தார். தான் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதை அவர் அக்காவுக்குச் சொல்லமாட்டாரா என்று மனம் ஏங்கியது. ஏங்கியதை உணர்ந்ததும் இன்னும் கூசியது.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குச் சுசிலா வந்தார். வாசலில் யோகராஜாவே எழும்பிப்போய், "வாரும்" என்றார். அந்த ஒரு சொல்லை எல்லாரும் கேட்கும்படி சொன்னார். கிறிஸ்துராஜா புவனேந்திரன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான்தான் அண்ணை காரணம்" என்று முந்திக்கொண்டு இவர் சொல்ல, அவர் விளங்காமல் தலையாட்டினார்.

சுசிலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரிமாறுகிறவர்களோடு சேர்ந்தார். வரிசையில் மற்றவர்களின் தட்டுகளில் சோற்றையும் கறியையும் வைத்துக்கொண்டே வந்தவர், புவனேந்திரனுக்கு முன்னால் நின்றார்.

"சோறு போடட்டோ தம்பி?"

"ஓம் அக்கா."

"பருப்பு போடட்டோ?"

"போடுங்கோ."

"கத்தரிக்காய்?" அகப்பை அந்தரத்தில் நின்றது. "இல்லை, கேட்டுத்தானே போடவேணும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. புவனேந்திரன் தட்டைப் பார்த்தபடி, "போடுங்கோ அக்கா" என்றார். வாயில் வைத்தது கத்தரிக்காயா பருப்பா என்று அவருக்கு ருசி தெரியவில்லை.

டிசம்பரில் பிரசெல்ஸ் முடிவு வந்தது. சனத்துக்குத் தெரிவு காட்டத்தான் வேணும் என்று கம்பெனியைக் கட்டிப்போட்டார்கள். "புவி அண்ணை, வெண்டிட்டியள்" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். "ஓம்" என்றார், வைத்துவிட்டார். சுசிலாவின் வீட்டில் கௌசி லீவுக்கு வந்து நீல ஈயை எப்போதோ திரும்பப் போட்டுவிட்டாளாம். அதையும் கலாவதிதான் கேள்விப்பட்டு வந்தாள்.

அன்றிரவு கலாவதி கணினிக்கு முன்னால் வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, எது வேணுமெண்டு என்னட்டையும் நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

அவர் கதிரையை விட்டு எழும்பினார். அவள் இருந்து, ஒற்றை விரலால் எலியைத் தள்ளி, அம்புக்குறி எங்கே போனதென்று தேடினாள். வலப்பக்க மூலையில் இருந்தது. அவர் கையை நீட்டப் போனார். பிறகு இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.