வெள்ளித் தட்டில் இரண்டு மெழுகுதிரி

பதினாறு வயதில் என் மகள் என்னைக் கேட்காமலே முழு யூதப் பெண்ணாகிவிட்டிருந்தாள். அவளுடைய அப்பா யூதர், நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. அவருக்குத் தன் மதத்தில் இருந்த ஒரே பற்று சாப்பாட்டில்தான். மகளைப் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி லண்டனில் எட்ஜ்வெயார் பக்கம் இருந்த யூத இளைஞர் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கு முன் வெம்பிளியில் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தேன். "பிள்ளை வடிவுதான், ஆனா எங்கட பிள்ளை மாதிரி இல்லை" என்று எங்கள் சனம் என் முகத்துக்கு நேரே சொன்னது. அவர்களுடைய பிள்ளைகள் அதையே ஆங்கிலத்தில், இன்னும் சுருக்கமாகச் சொன்னார்கள். இடைவேளையில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இளைஞர் குழுவில் அவளைச் சாப்பிடவே விடாமல் பேசினார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள்தான் அங்கே தலைவர்கள். பெரியவர்கள் வாசலோடு சரி. கடவுள் உண்டா இல்லையா, யூதன் என்றால் யார் என்று ஞாயிறுதோறும் சண்டை பிடிப்பார்கள். சண்டை முடிந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு பாடுவார்கள். வீட்டுக்கு வந்தும் கணினியில், எம்எஸ்என் அரட்டையில், அதே சண்டை. கூனிக் குறுகி நடந்த பிள்ளை நிமிர்ந்து நடந்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

ஒரேயொரு சிக்கல். அந்தக் குழுவில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். தகப்பன் ஒரு பொருட்டே இல்லை. அதனால் என் மகள் முதல் நாளே, வாய் கூசாமல், தன் அம்மா கொச்சியிலிருந்து வந்த யூதப் பெண் என்று சொல்லிவிட்டிருந்தாள். என் நிறத்துக்கு அது பொருந்தியது. கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளைத் தலைவியாகத் தெரிவு செய்யப்போகிற சமயத்தில்தான் எனக்கு இது தெரியவந்தது. அப்படித் தெரிவாகிறவர்களின் தாய்மார் ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குப் போய், சபாத் என்ற அவர்களுடைய ஓய்வு நாளைத் தொடக்கிவைக்க மெழுகுதிரி ஏற்ற வேண்டுமாம்.

"பொய் சொன்னது நீ. நடிக்கிறது நானோ?"

"ஒருக்கா மட்டும், அம்மா. இல்லாட்டி என்னை விட்டிடுவினம். எனக்கு வேற ஒரு இடமும் இல்லை."

அது உண்மை. ஒப்புக்கொண்டேன்.

சமையலறையில் வைத்துப் பழக்கினாள். திரியை ஏற்றி, சுடரின் மேலே கைகளைத் தன் பக்கமாக மூன்று தரம் வளைத்து, கண்களைப் பொத்திக்கொண்டு மந்திரத்தை முணுமுணுக்க வேண்டும். "கோயில்ல செய்யிறதுதானே, இதுக்கு என்னத்துக்குப் பயிற்சி?" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று மண்டபம் நிறையப் பிள்ளைகள். என் முறைக்கு ஒரு வெள்ளித் தட்டில் இரண்டு மெழுகுதிரி வைத்திருந்தார்கள். ஏற்றினேன், வளைத்தேன், பொத்தினேன், முணுமுணுத்தேன். ஒரு பிழையும் இல்லை. கண்ணைத் திறந்தபோது மகளின் முகம் மலர்ந்திருந்தது. அந்தப் பூரிப்பில் என் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. தட்டைத் தூக்கி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினேன், சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும் என்று.

அவள் பின்னால் நகர்ந்தாள். ஏற்றிய சபாத் விளக்கை அசைக்கவே கூடாது. அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். ஒரு பையன் சிரித்தான், மற்றவர்கள் என் கையையே பார்த்தார்கள்.

"கொச்சியில் இப்படித்தான் செய்வீர்களா?" என்று தலைவன் கேட்டான். பத்தொன்பது வயதிருக்கும். அன்பாகத்தான் கேட்டான். செருப்பால் அடித்திருக்கலாம்.

நான் வாயைத் திறக்குமுன் என் மகள் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டாள். "இவர் என் சொந்த அம்மா இல்லை. அப்பா பிறகு கட்டியவர். கொச்சி அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டார். இவ்வளவு நாளும் சொல்ல மனம் வரவில்லை."

அவள் தடுமாறவேயில்லை. என் மூக்கு அவள் முகத்தில் அச்சாக இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, அவர்களுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்றுதான். தலைவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு சொல் மாறிச் சொன்னால் போதும், அவள் மறுபடி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"உண்மைதான்" என்றேன்.

பிறகு நடந்ததைப் பார்த்த யாரும் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டார்கள். ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். லண்டன் யூதர்கள் துக்கக்காரரிடம் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு, "உனக்கு நீண்ட ஆயுள் வாய்க்கட்டும்" என்று. அதை எல்லோரும் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள், கண்ணீர்கூட விட்டாள். என் செத்தவீட்டில் உட்கார்ந்து நான் மீன் சாப்பிட்டேன். "அவளை எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று ஒரு பெண் என் கையைத் தடவினாள். அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போல இருந்தது. விருந்து முடியுமுன் என் மகளை முகாமுக்குத் தலைவியாக அறிவித்தார்கள். மேசையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள்.

சபாத்தில் கார் ஓட்டக் கூடாது என்பதால் ஒரு தெரு தள்ளி நிறுத்தியிருந்தோம். அந்தத் தெரு முழுவதும் அப்படி ஒளித்து நிறுத்திய கார்கள்தான். ஏறிக் கதவைச் சாத்தினோம். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

"எதால செத்தவா?" என்றேன். "என்னட்டையும் கேப்பினம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்ல வேணும்."

"கேன்சர். எனக்கு நாலு வயசு."

"கஷ்டப்பட்டவாவோ?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இல்லை, அம்மா. நித்திரையில போனவா."